ஹீலரின் இரண்டாவது நம்பர்

அக்கா, அந்த எக்ஸ்ரே கவரை மடியில நேரா வெச்சுக்கங்க. மடங்கிப்போச்சுன்னா அடுத்த தடவை டாக்டரம்மா திட்டுவாங்க. "எக்ஸ்ரே கொண்டு வந்தீங்களா, மசால் தோசை கொண்டு வந்தீங்களா?" என்று எங்களைக் கேட்டாங்க. வேகமா, மூக்கால பேசுவாங்க. "இழு. பிடி. விடு. அடுத்த ஆள்." நீங்களும் அவங்ககிட்டதானே காட்டினீங்க? அப்படியே இருக்கில்ல குரல்? முன்சீட்டு ஐயா பயந்து நிஜமாவே மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டார் பாருங்க. விடுங்க ஐயா, நான்தான்.

என் பேரு மௌனிகா. சிரிக்காதீங்க. பேரு வெச்சது எங்க பெரியப்பா, சென்னியப்பன். அதோ, டிரைவருக்குப் பின்னால மஃப்ளர் சுத்திக்கிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கார் பாருங்க, அவரேதான். அங்கே ஒரு சீட்டுதான் காலியா இருந்தது. அதனால நான் இங்கே வந்தேன். பல்லடம் தாண்டி எங்க ஊர் வர இன்னும் நேரம் இருக்கு. பஸ் போடற சத்தத்துல இங்கே பேசறது அங்கே கேட்காது. அந்த தைரியத்துலதான் சொல்றேன். அவருக்குத் தெரிஞ்சா என் கதை அன்னைக்கே முடிஞ்சுது.

உங்கப்பாவுக்கா நெஞ்சு? வாயில வெச்சு இழுக்கற பஃப் எழுதிக் கொடுத்திருப்பாங்களே, வாங்கியாச்சா? பையிலேயே பிரிக்காம இருக்கா. வேண்டாங்கறாரா. "பழகிட்டா விடவே முடியாது"ங்கறாரா. அக்கா, அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறலை. அப்ப நீங்க இதைக் கேட்டே ஆகணும்.

எங்க பெரியப்பா நூல் மில்லில் ப்ளோ ரூமில் வேலை பார்த்தவர். பஞ்சு மூட்டையைப் பிரிச்சு, அடிச்சு, உதறுகிற இடம். ஷிப்ட் முடிஞ்சு வெளியே வந்தால் புருவம், காது, மூக்குத் துவாரம் எல்லாம் பஞ்சு. தும்மினால் ஒரு தலையணை ரொப்பலாம். அது போதாதுன்னு பீடி வேற. பஞ்சு ஒரு பக்கம், பீடி ஒரு பக்கம், நடுவில் மாட்டிக்கிட்டது நுரையீரல். டாக்டரம்மா சிஓபிடி என்று சொன்னாங்க. மூச்சுக்குழாய் சுருங்கிப்போச்சு, போனது திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாத்திக்கணும்னா தினமும் காலையும் சாயங்காலமும் பஃப், பீடி இருக்கிற தெருப்பக்கமே போகக்கூடாது, அவ்வளவுதான்னாங்க. பீடியை விட்டுட்டார். அதை ஒத்துக்கணும். விட்ட நாளிலிருந்து வேற யாராவது பீடி பத்தவெச்சால் டாக்டரம்மாவைவிட மோசமாத் திட்டுவார்.

பஃப்தான் பிரச்சனை. டீக்கடையில் யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிட்டான், அதை ஒரு தடவை வாயில வெச்சா சாகிற வரைக்கும் விட முடியாதுன்னு. முப்பது வருஷம் பீடியை விட முடியாத மனுஷன் இதைக் கேட்டு நடுங்கிட்டார். யோசிச்சுப் பாருங்க. பீடி பிடிக்கும்போது வராத பயம்.

அந்த நேரம் பார்த்து ரெண்டு ஊர் தள்ளியிருந்து ஹீலர் ஜெயவேலு எங்க ஊருக்கு வர ஆரம்பிச்சார். முன்னால வளையல் கடை வெச்சிருந்தவர். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் அக்குபங்சர் கத்துக்கிட்டு ஹீலர் ஆயிட்டார். தங்கமான ஆள், ஒருத்தரையும் அதட்ட மாட்டார். பக்கத்துல குழந்தை தூங்குதுங்கற மாதிரியே பேசுவார். "ஒடம்புக்கு எல்லாந் தெரியுமுங்க. நாமதான் அது பேசறதைக் கேக்கோணும். சந்தோஷமுங்க." எல்லா வாக்கியத்துக்கும் கடைசியில் அந்தச் சந்தோஷமுங்க வந்துடும். "கொழந்தைக்கு ஃபிட்ஸ் வந்துருச்சுங்களா? சந்தோஷமுங்க." குரலைப் பிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை. தொண்டையைத் தளர்த்தி, கண்ணைப் பாதி மூடினால் போதும், ஹீலர் வந்துடுவார்.

அவர் பெரியப்பாவுக்குச் செய்தது ஊசி இல்லை. பெரியப்பாவுக்கு ஊசின்னா ஆகாது. அதனால மாக்சா. சீனா, ஜப்பான் பக்கத்து வைத்தியமாம். மாசிபத்திரி இலையைக் காயவெச்சு, இடிச்சு, சலிச்சுப் பஞ்சு மாதிரி ஆக்கி, காகிதத்தில் இறுக்கிச் சுருட்டிய குச்சி. அடக் கடவுளே, திரும்பவும் பஞ்சான்னு நினைச்சேன். பார்க்க அச்சு அசல் சுருட்டு. நுனியில் நெருப்பு வெச்சு, ஊதி, கங்கு ஆனதும் தோலில் படாமல் ஒரு அங்குலம் தள்ளிப் பிடிக்கணும். முதுகில் ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில், அப்புறம் முட்டிக்குக் கீழே நாலு விரல் தள்ளி. தோல் செவந்து, சூடு மெல்ல உள்ளே இறங்கும். நானும் ஒரு நாள் முட்டியில் வெச்சுப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, சுகமாத்தான் இருந்தது.

பெரியப்பாவுக்கு அது சொர்க்கம். முதல் நாளே குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுட்டார். யார் வீட்டுக்கு வந்தாலும் முதுகைக் காட்டுவார். "முப்பது வருசம் வாயில வெச்சுக் குடிச்சனுங்க, இப்ப முதுகுல வெச்சுக் குடிக்கறனுங்க" என்று எல்லார்கிட்டயும் அதே ஜோக். சொல்லிட்டுச் சிரிச்சு, சிரிப்பு இருமலாகி, பெரியம்மா ஓடிவந்து முதுகைத் தடவி, அந்த ஜோக்கை முடிக்கிறதுக்கு எப்பவும் ரெண்டு பேர் வேணும்.

ஒரு குறை இருந்தது. புகை. நெஞ்சு நோய்க்காரர் காத்துப் படக்கூடாதுன்னு பெரியம்மா ஜன்னலை எல்லாம் சாத்திடுவாங்க. உள்ளே குச்சி எரியும். கொஞ்ச நேரத்தில் யார் எங்கே இருக்காங்கன்னே தெரியாது. முதலில் இருமுவது ஹீலர்தான். நல்ல சந்தோஷமா இருமுவார். பெரியம்மாவுக்கு அதிலும் ஒரு நிம்மதி, வீட்டில் கொசு ஒண்ணுகூட இல்லையாம். குச்சி தீர்ந்துபோன வாரம், மாசிபத்திரியும் மரிக்கொழுந்தும் ஒரே சாதிச் செடின்னு ஹீலர் எப்பவோ சொன்னதை ஞாபகம் வெச்சு, பூக்காரம்மாகிட்ட மரிக்கொழுந்து வாங்கிக் காயவெச்சு, காலண்டர் தாளில் சுருட்டிப் பத்தவெச்சுட்டாங்க. வீடு பூராவும் கல்யாண மண்டபம் மாதிரி மணந்தது. பொறி பறந்து பெரியப்பா வேட்டியில் ஒரு ஓட்டை. அவர் அதுக்கும் சுகமா இருக்குதுன்னுதான் சொன்னார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்காத விஷயம் என்னன்னா, அவர் பஃப்பை நிறுத்திட்டார். பொங்கப் பானை வைக்கிற பரண் மேலே தூக்கிப் போட்டுட்டார். சூடு உள்ளே போய் எல்லாத்தையும் கரைச்சுடும், இனிமே அது எதுக்குன்னார். ஹீலர் நிறுத்தச் சொன்னாரான்னு கேட்டால், இல்லை. நிறுத்த வேண்டாம்னு சொன்னாரா, அதுவும் இல்லை. ஹீலர் சும்மா சந்தோஷமுங்கன்னார், அவ்வளவுதான்.

மார்கழி மாசம் ஒரு நாள் காலையில் மோட்டாரை நிறுத்தத் தோட்டத்துக்குப் போனவர் பாதி வழியில் தண்ணித்தொட்டி விளிம்பில் உட்கார்ந்துட்டார். நான்தான் பார்த்தேன். உதடு நாவப்பழ நிறத்தில் இருந்தது. என் பேரைச் சொல்ல வந்தார். மொத எழுத்து வந்தது, மிச்சம் வரலை. அக்கா, நான் யார் குரலையும் விட்டுவெச்சதில்லை. ஹெட்மாஸ்டர், கேஸ் சிலிண்டர் அண்ணன், எங்க வீட்டு மிக்ஸி, எல்லாத்தையும் செஞ்சு காட்டுவேன். அன்னைக்குக் கேட்ட அந்தச் சத்தத்தை மட்டும் கேட்காதீங்க. அதைச் செய்ய மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வெச்சு, புகை மருந்து பிடிச்சு, அனுப்பிவெச்சாங்க. டாக்டரம்மா எங்கப்பாவை ஓரமாக் கூட்டிட்டுப் போய், முதுகுல சூடு வெச்சுக்கிட்டா வெச்சுக்கட்டும், சுகமா இருந்தாச் சரி, புகையில்லாம பார்த்துக்கங்க, ஆனா பஃப்பை இன்னொரு தடவை நிறுத்தினா இப்படிக் கூட்டிட்டு வர்றதுக்கு நேரம் இருக்காதுன்னு சொன்னாங்க. அப்ப அவங்க மூக்கால பேசலை. மெதுவாப் பேசினாங்க.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா என்ன செய்தார் சொல்லுங்க. பஃப்பைத் திரும்பவும் பரணில் போட்டார்.

எங்கப்பா கெஞ்சிப் பார்த்தார். பெரியம்மா அழுது பார்த்தாங்க. ஓசூரிலிருந்து சுகந்தியக்கா, அவருடைய ஒரே பொண்ணு, வீடியோ காலில் சாப்பிடாம இருக்கப்போறதா மிரட்டினாள். ஒண்ணும் நடக்கலை. ஹீலர் சொல்லட்டும், எடுத்துக்கறேன், அப்படின்னு ஒரே பிடி. எங்கப்பா ஹீலருக்கே போன் போட்டார். அவர், இங்கிலீஷ் மருந்து விஷயத்தில் நான் தலையிடறதில்லைங்க, ஒடம்பைக் கேளுங்க, சந்தோஷமுங்கன்னுட்டார். எங்கப்பா போனைச் சோபாவில் எறிஞ்சார். அது எகிறி என் மடியில் விழுந்தது. அந்த நிமிஷம்தான் எனக்குத் தோணுச்சு. ஹீலர் சொன்னாத்தானே கேட்பார்? ஹீலர் சொல்லட்டும்.

பெரியப்பா போனில் நம்பர் ஏத்தறது, அழிக்கிறது, ரிங்டோன் மாத்தறது எல்லாம் என் வேலை. எங்கப்பாவுடைய பழைய சிம் ஒண்ணு சும்மா கிடந்தது. அதை என் போனில் போட்டுக்கிட்டு, அவர் போனில் 'ஹீலர் 2'ன்னு பதிஞ்சேன். ஹீலர் புது நம்பர் வாங்கியிருக்கார், இனிமே இதில்தான் பேசுவார்னு சொன்னேன். ஓஹோ, அப்படியான்னு கேட்டுக்கிட்டார். எங்க வீடும் பெரியப்பா வீடும் ஒட்டினாப்பல. நான் மொட்டை மாடியில் தண்ணி டேங்குக்குப் பின்னால குந்திக்கிட்டு அடிச்சேன்.

"சென்னியப்பன் ஐயாங்களா. ஹீலருங்க. சந்தோஷமுங்க."

"சொல்லுங்க ஹீலரே. குரலு... ஒரு மாதிரி இருக்குதே."

"சளிங்க."

சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். சளியே உடம்பு கொண்டாடற திருவிழான்னு சொல்ற ஆள் அவர். பெரியப்பா ஒண்ணும் கேட்கலை. நான் விட்ட இடத்தில் பிடிச்சேன்.

"ஐயா, குச்சியில இருந்து வர்ற சூடு வெளியில நின்னு கதவைத் தட்டுதுங்க. உள்ளார இருந்து தொறந்துவிட ஒரு ஆளு வேணுமுங்க. அந்த ஆளுதானுங்க பஃப்பு. மொதல்ல ரெண்டு இழுப்பு, பத்து எண்ணற வரைக்கும் புடிக்கோணும், வாய் கொப்பளிக்கோணும். அப்பறந்தான் குச்சி. உள்ளார ஆளில்லாம குச்சி வெச்சா, சூடு வாசல்லயே நின்னு பார்த்துட்டுத் திரும்பிப் போயிருமுங்க."

அவர் மூச்சு மட்டும் கேட்டது, கீச்சு கீச்சுன்னு. அப்புறம் சொன்னார், "உள்ளார ஒரு ஆளு. சரிங்க. இத்தனை நாளா இதை இப்படி யாருமே எனக்குச் சொல்லலைங்க."

மறுநாள் காலையில் பரணிலிருந்து பானை உருண்டு விழுகிற சத்தம். கம்பை விட்டுத் துழாவி அவரே எடுத்துட்டார். நான் பக்கத்தில் நின்னு டாக்டரம்மா குரலில் இழு, பிடி, விடுன்னேன். இழுத்தார், பிடிச்சார், விட்டார். விட்டதும் என் காதைத் திருகினார். பிடி இன்னும் தளர்ச்சியாத்தான் இருந்தது, ஆனா திருகினார்.

அதுக்கப்புறம் ஹீலர் 2 அடிக்கடி பேச ஆரம்பிச்சார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். புகையில்லாக் குச்சின்னு ஒண்ணு, கரி மாதிரி கறுப்பா இருக்கும், அதை வாங்கச் சொன்னார். பத்தவைக்கிறதை வாசலில் வேப்பமரத்துக்கடியில் வெச்சுக்கச் சொன்னார். பெரியப்பா எல்லாத்துக்கும் சரிங்க, சரிங்க. அக்கா, உங்ககிட்ட ஒரு பெரிய மனுஷர் நாள் முழுக்கச் சரிங்க சரிங்கன்னு சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? என்னால முடியலை. நெஞ்சு நல்லா விரியணும்னா தினமும் மூணு வேளை சம்சாரத்தைப் பாராட்டோணுமுங்கன்னு ஒரு நாள் போட்டுவிட்டேன்.

அவர் பெரியம்மாவைப் பாராட்டி எங்க குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. காலையில், "தெய்வாத்தா, உன்ற ரசம் இன்னைக்கு ரசமாட்டவே இருக்குது" என்றார். மத்தியானம், "இந்தச் சேலையில நீ நல்லாச் சேலை கட்டியிருக்கறே" என்றார். சாயங்காலம் பெரியம்மா எங்க வீட்டுக்கு வந்து அம்மா தோளில் சாய்ஞ்சு அழுதாங்க. மனுசன் போறதுக்குத் தயாராயிட்டார், அதுதான் இப்படியெல்லாம் பேசறார், சுகந்திக்குச் சொல்லிவிட்டுருங்கன்னு. அன்னைக்கே ஹீலர் அவசரமாக் கூப்பிட்டு, பாராட்டை வாரத்துக்கு ஒண்ணாக் குறைச்சுக்கச் சொன்னார்.

மாட்டிக்க இருந்தது ஒரே ஒரு தடவைதான். ஒரு நாள் சாயங்காலம் பொழுதோட மாடியில் இருந்து போன் போட்டு, பஃப்புக்கு அப்புறம் வாய் கொப்பளிக்கிறதைப் பத்தி ரொம்ப நேரம் பேசினேன். அன்னைக்கு என் ஹீலர் உச்சத்தில் இருந்தார். பெரியப்பாவும், "சளி தேவலையாட்ட இருக்குதுங்க ஹீலரே, குரலு நல்லாப் பழகிருச்சு" என்று பாராட்டினார். வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத முகத்தோட இறங்கி அவர் வீட்டுக்குள்ளே போனால், பிளாஸ்டிக் சேரில் நிஜ ஹீலர் உட்கார்ந்து பணியாரம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்.

பெரியப்பாதான் சிரிச்சுக்கிட்டே, "இப்பத்தான் கண்ணு போன்ல பேசுனாரு, வெச்ச உடனே நேர்லயும் வந்துட்டாரு. என்ன வேகம் பாரு" என்றார். ரெண்டே நிமிஷம் முந்தி வந்திருந்தார்னு வைங்க, அவ்வளவுதான். என் நல்ல நேரம். தட்டில் பணியாரம் பாதிக்கு மேல காலி ஆகியிருந்தது, அவ்வளவு பசி போல ஹீலருக்கு, ரெண்டு நிமிஷத்தில் எத்தனை தின்னுட்டார் பாருங்க.

அதைவிட ஆச்சரியம், ஹீலர் என்னைக் கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, பெரியப்பா பக்கம் திரும்பி, "பஃப்பு மறக்காம எடுக்கறீங்களாங்கய்யா? போன்ல சொன்னனே, உள்ளார ஆளு வேணுமுன்னு. சந்தோஷமுங்க" என்றார். அவர் சொல்லவே இல்லை, அக்கா. நான் சொன்னது. தினமும் எத்தனை பேர்கிட்ட பேசறார், யாருக்கு என்ன சொன்னோம்னு அவருக்கே குழப்பம். இப்ப அவர்கிட்ட வர்ற நெஞ்சு நோய்க்காரங்க எல்லாருக்கும் அந்த உள்ளார ஆளு கதையைத்தான் சொல்றாராம். மொதல்ல டாக்டர் கொடுத்ததை இழுத்துட்டு வாங்க, அப்பறம் குச்சி வெக்கறனுங்கன்னு. என் வசனம். ஒரு நன்றிகூட இல்லை.

அதுக்கப்புறம் பெரியப்பா மாறிட்டார். அதுவரைக்கும் நான்தான் அடிப்பேன். அன்னையிலிருந்து அவரே ஹீலர் 2க்கு அடிக்க ஆரம்பிச்சார். அதுவும் எப்ப? நான் கிரிக்கெட் பார்த்துக்கிட்டிருக்கும்போது. தெருவில் பிள்ளைகளைக் கூட்டி ஹெட்மாஸ்டர் குரலில் அறிவிப்பு விட்டுக்கிட்டிருக்கும்போது. எல்லாத்தையும் போட்டுட்டு டேங்குக்குப் பின்னால ஓடணும். ஒரு நாள் கேட்டார்.

"ஹீலரே, எங்க தம்பி மக ஒருத்தி இருக்கறா. நல்ல மூளை. கெமிஸ்ட்ரியில மட்டும் பெயிலு. அவளுக்கு எந்தப் புள்ளியில சூடு வெக்கறதுங்க?"

நான் என்ன சொல்றது? அந்தப் புள்ளைக்குச் சூடெல்லாம் வேண்டாமுங்க, தானாச் சரியாயிருமுங்கன்னேன். அவர் விடலை. முதுகில் குச்சி வெக்கிற நேரம் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது சத்தமாப் பாடம் படிச்சா மூச்சு ஒரு ஒழுங்குக்கு வருமாங்கன்னு கேட்டார். மூச்சுன்னு சொல்லிட்டார் இல்லையா, எப்படி மாட்டேன்னு சொல்றது? வருமுங்கன்னேன். கெமிஸ்ட்ரியா இருந்தா இன்னும் நல்லதுங்களான்னார். அதுலதான் அமிலம், காரம் எல்லாம் வருது, நெஞ்சைக் கழுவிவிடுமுங்களான்னார். சந்தோஷமுங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். வேற வழி?

அப்புறம் தினமும் பொழுதோட அவர் குப்புறப் படுத்திருப்பார், பெரியம்மா குச்சி பிடிப்பாங்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆவர்த்தன அட்டவணை. முதல்ல எல்லாம் தூங்கிடுவார்னு நினைச்சேன். ஒரு வரி தாவினால் போதும், கண்ணைத் திறக்காமலே, "அது என்ன, சோடியம் அதுக்குள்ள வந்துருச்சு?" என்பார். மில்லில் இவர் மேஸ்திரியோட குரலில் கத்தி ஒரு ஷிப்ட்டையே டீ குடிக்க அனுப்பிவிட்டார்னு பழைய ஆட்கள் சொல்லுவாங்க. நான் நம்பினதில்லை. இவ்வளவு அப்பாவியா இருக்கிற மனுஷர் அதெல்லாம் எங்கே செஞ்சிருக்கப்போறார்? குரல் மாத்திப் பேசறது எங்க வம்சத்திலேயே எனக்கு மட்டும்தான் வந்திருக்கு. எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியலை. கெமிஸ்ட்ரி பாஸ் பண்ணிட்டேன், அது வேற விஷயம்.

இன்னைக்கு எதுக்கு வந்தோம்னா, அந்தக் குழாயில ஊதற டெஸ்ட். ஊதறதுக்கு முன்னால நான் வேண்டாத சாமி இல்லை. போன தடவையைவிடக் குறைஞ்சிருந்தா வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வாங்கி வெச்சுக்கணும்னு சொல்லியிருந்தாங்க. பெரியப்பா முகமெல்லாம் செவக்க ஊதினார். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க, திரும்பக் கம்ப்யூட்டரைப் பார்த்தாங்க. குறையலை அக்கா. அப்படியே இருக்கு. அப்படியே இருக்கிறதே பெரிசுன்னாங்க. மெஷின் வேண்டாம். யார் சொல்லி ஒழுங்கா பஃப் எடுக்கறீங்கன்னு கேட்டாங்க.

"ஹீலருங்க" என்றார் பெரியப்பா.

டாக்டரம்மா பேனாவை வெச்சுட்டாங்க. எந்த ஹீலர், பஃப் எடுக்கச் சொல்ற ஹீலர் எங்கே இருக்கார், நம்பர் கொடுங்க, நான் பேசணும்னாங்க. என் உசிரே போயிடுச்சு. பெரியப்பா என் தலையில் கையை வெச்சுக்கிட்டு, "பெரிய ஆளுங்க அவரு. கூட்டத்துக்கெல்லாம் வரமாட்டாரு. எங்கூட்டுப் பக்கத்துலயே இருக்கறாரு, அது போதுமுங்க" என்றார். பாருங்க, எங்க ஊரிலிருந்து ரெண்டு ஊர் தள்ளி இருக்கிற ஹீலரைப் பக்கத்து வீடுன்னு சொல்றார். அவ்வளவு நம்பிக்கை. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இந்த மனுஷரைப் போயா இத்தனை நாள் ஏமாத்தறோம்னு. ஆனா என்ன பண்றது, நிறுத்தினா அவர் நிறுத்திடுவாரே.

உங்கப்பாவுக்கு எந்தக் குரல்னா மரியாதை, சொல்லுங்க? சாமியாரா, போலீஸா, ரிட்டயர்டு ஜட்ஜா? நம்பரைக் கொடுங்க, நாளைக்குள்ள அந்த டப்பாவைப் பிரிச்சுடுவார்.

இருங்க, போன். ஐயோ, அவர்தான். ஹீலர் 2க்குத்தான் கூப்பிடறார், பஸ்ஸில் இருந்தே. அக்கா, நீங்க அவரையும் பார்க்காதீங்க, என்னையும் பார்க்காதீங்க, ஜன்னலைப் பாருங்க.

"வணக்கமுங்கய்யா. சந்தோஷமுங்க. ஆமாங்க, ஊட்லதானுங்க இருக்கறேன். அதுங்களா, அது ரோட்டுல ஒரு பஸ்ஸு ஹாரன் அடிக்குதுங்க. அதே சத்தம் உங்க பக்கமும் கேக்குதுங்களா? இப்பெல்லாம் எல்லாப் பஸ்ஸும் ஒரே ஹாரன்தானுங்க போடறாங்க. என்னங்க? காலையில பஃப்பு எடுக்கலைங்களா? டெஸ்ட்டுக்கு முன்னால வேண்டாமுன்னாங்களா. அப்ப இப்ப எடுத்துக்கோணுமுங்க, சும்மா இருக்கப்படாது, உள்ளார ஆளு காத்துட்டிருப்பாரு. பை யாருகிட்ட இருக்குதுங்க? உங்க தம்பி மககிட்டயா. தூரத்துல உக்காந்து யாருகிட்டயோ பேசிட்டே இருக்குதா. தொந்தரவு பண்ண யோசனையா இருக்குதுங்களா. ஒண்ணும் யோசிக்காதீங்க, கூப்பிடுங்க. தங்கமான புள்ளைங்க அது. வருமுங்க. வெக்கறனுங்க."

கூப்பிடறார் பாருங்க. வந்துட்டேன் பெரியப்பா. அக்கா, இந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் பிடிங்க, இல்லை, கொடுங்க, வாய் கொப்பளிக்க வேணும்.

கொடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டு இழுப்பு. விரல் மடக்கிப் பத்து எண்ணினார். ஜன்னல் வழியா எட்டிக் கொப்பளிச்சார், பின்னால பைக்கில் வந்தவன் திட்டிட்டுப் போறான். நீங்களே பார்த்தீங்கல்ல? ஹீலர் வாயால சொல்லாம ஒரு இழுப்பு உள்ளே போகாது அந்த மனுஷருக்கு. இன்னும் எத்தனை வருஷம் ஆனாலும் நான் பேசிக்கிட்டேதான் இருக்கணும். பேசறேன், எனக்கென்ன.

ஏன் அக்கா அவர் திரும்பி உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்? பஃப் எடுத்தா கண்ணு துடிக்குமோ என்னவோ. ராத்திரி ஹீலரை விட்டு விசாரிக்கச் சொல்றேன்.